ஃபோட்டோ போடாத வீடு

பிரிஜெட்டுக்கு அந்த வாரம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டை விற்கக் கொடுத்திருந்தாள், கொடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாத விஷயம் ஆளைச் சும்மா இருக்கவிடாது என்பது ஐம்பத்தொன்பது வயசில் ஒரு பெண்ணுக்குத் தெரியவேண்டாமா? தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

ஆஸ்டின் டவுனில் இருபதுக்கு முப்பது மனை. கீழே பிரிஜெட், தனி ஆள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலே அவள் தம்பி எரிக்கும் அவன் பெண்டாட்டி லவினாவும். வீடு அப்பா கட்டியது. எரிக் தன் பங்கை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான். அதை வைத்து கேட்டரிங் ஆரம்பித்தான். மூன்று கல்யாணத்துக்குப் பிரியாணி நன்றாகத்தான் வந்தது. நாலாவது கல்யாணத்தில் குழைந்து கஞ்சியாகி, பெண்வீட்டார் அண்டாவோடு அவனைத் தெருவில் நிறுத்தினார்கள். அதோடு கேட்டரிங்குக்கு ஆமென். பிறகு இன்சூரன்ஸ். பிறகு தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின். பிறகு வண்ண மீனும் கண்ணாடித் தொட்டியும். ஒன்றிலும் கால் ஊன்றவில்லை.

ஆள் கெட்டவனா என்றால் அதுவும் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, வீட்டில் குரலை உயர்த்த மாட்டான். ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருந்திருந்தால் பிரிஜெட் வாய்விட்டுத் திட்டியிருப்பாள், மனசும் ஆறியிருக்கும். நல்லவனை எந்த வாயால் திட்டுவது? மேல் வீட்டில் இருந்துகொள் என்றாள். இருக்கிறான். கேஸ் தீர்ந்தால் அக்கா, மோட்டார் ஓடாவிட்டால் அக்கா, லவினாவுக்குப் பல்வலி என்றாலும் அக்காதான். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் மணி அடித்த மறுநிமிஷம் எடுத்துப் பழகிய உடம்பு. மாடியிலிருந்து குரல் வந்தால் அவள் கால் தானாக எழுந்து நின்றுவிடும்.

இப்படி இருந்தவளை ஆபீஸ் தோழி சுனிதா ஒருநாள் ஊர்க்கோடியில் இருக்கும் ஹொரமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதுசாகக் கட்டிய ஃப்ளாட், ஆறாவது மாடி, லிஃப்ட் உண்டு. பிரிஜெட் பால்கனியில் போய் நின்றாள். கீழே வண்டிகள் போயின. அரை மணி நேரம் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அடேயப்பா, இப்படியும் ஒரு இடம் உலகத்தில் இருக்கிறதா என்று இருந்தது அவளுக்கு.

"ஒரு பெட்ரூம்தான் இருக்கு பிரிஜெட். யாராச்சும் வந்து தங்கினா?" என்றாள் சுனிதா.

"அதுக்குத்தான் ஒண்ணு," என்றாள் பிரிஜெட்.

சுனிதா சொல்லி வந்தவன்தான் யூஜின். காக்ஸ் டவுன்காரன், வீடு வாங்க விற்க ஏற்பாடு செய்கிற ஏஜென்ட், முப்பத்தைந்து வயசு இருக்கும். இந்தப் பக்கத்து ஏஜென்ட்கள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு பொது லிஸ்ட் நடத்துகிறார்கள் என்று விளக்கினான். ஒருவன் வீட்டைப் போட்டால் எல்லாருக்கும் தெரியும். எவன் வாங்குகிற பார்ட்டியைக் கொண்டுவருகிறானோ அவனுக்குக் கமிஷனில் பாதி. வெளி ஆட்கள் யாரும் பார்க்க முடியாது, ஏஜென்ட்கள் மட்டும்தான்.

"வாசல்ல போர்டு மாட்டவேணாம்," என்றாள் பிரிஜெட். "ஃபோட்டோவும் வேணாம்."

"ஃபோட்டோ இல்லாம எப்படி மேடம்? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட பொண்ணைக் காட்டமாட்டேன்னு சொன்னா ஆகுமா?"

"நேர்ல வந்து பாக்கட்டும்."

யூஜின் முனகிக்கொண்டே போனில் தட்டினான். கதவு எண்ணைப் போடவில்லை. அது அவர்கள் வழக்கமே. எண் போட்டால் இன்னொரு ஏஜென்ட் இவனைத் தாண்டி நேராக வந்து கதவைத் தட்டிவிடுவான். பார்ட்டியைத் தெருமுனை பேக்கரிக்கு வரச்சொல்லி, வீட்டை லிஸ்டில் போட்டவன்தான் கூட்டிக்கொண்டு போவான். இதைக் கேட்டதும் பிரிஜெட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"மேல யாரு இருக்காங்க மேடம்?"

தம்பி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி ஒத்துக்கொண்டாரா என்று கேட்பான், அவரையும் பார்த்துப் பேசலாமா என்பான்.

"டெனன்ட்," என்றாள்.

சொன்ன மறுகணம் நாக்கு சுட்டது. யூஜின் அதையும் தட்டினான். "காலி பண்ணிடுவாங்கல்ல?"

"பண்ணிடுவாங்க."

பார்ட்டி வந்து பேச்சு முடிந்தபின் எரிக்கிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போட்ட வேலை எந்த வீட்டில் உருப்பட்டிருக்கிறது? அவள் பயந்தது சண்டைக்கு இல்லை. எரிக் சண்டை போட மாட்டான், அழுவான். அம்மா செத்தபோது அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிரியாணி குழைந்த அன்றைக்கு அதே முந்தானையைப் பிடித்து மறுபடி அழுதான். முதலில் கீழுதடு நடுங்கும், அப்புறம் கண். அதைப் பார்த்துவிட்டால் பிரிஜெட்டின் எலும்பெல்லாம் கரைந்துவிடும். இப்போதும் அழுதான் என்றால் அவளால் விற்க முடியாது, ஹொரமாவு கிடையாது, சாகிறவரை இந்த மாடிப்படிக்குக் கீழேதான். ஆகவே அவன் அழுவதற்குள் விற்றுவிட வேண்டும். அவள் கணக்கு அதுதான்.

அந்த வாரம் முழுக்கத் திரைச்சீலைகளைத் துவைத்தாள். காயாத திரைச்சீலையை மறுபடி எடுத்துத் துவைத்தாள். அலமாரியைப் பிரித்தாள், மூடினாள். போன் அடித்தால் பதறினாள், அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றால், என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. வீடு விற்கவேண்டும் என்று வேண்டினாள். எரிக்குக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டினாள். இரண்டையும் ஒரே மெழுகுவர்த்தியில் கேட்பது நியாயமா என்று யோசித்து இன்னொன்று வாங்கி ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூஜின் போன் பண்ணினான். "மேடம், நாளைக்கு பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டி. ஹஸ்பண்ட் அண்ட் வைஃப், ரெண்டு பேரும் ஐடி. லிஸ்ட்ல இருக்கற வேற ஒரு ஏஜென்ட் கூட்டிட்டு வர்றாரு. புது ஆளு, பயங்கர ஆர்வமா இருக்காரு."

பிரிஜெட் போனை வைத்தாள். திரும்புவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"அக்கா! நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டிக்கா!"

எரிக்தான். நாற்பத்தெட்டு வயசு ஆள் ஸ்கூல் பையன் மாதிரி படி இறங்கி வந்து நின்றான்.

"என்ன பார்ட்டி? யாருக்குப் பொறந்தநாள்?"

"அய்யே, அந்தப் பார்ட்டி இல்லக்கா. வீடு பாக்க வர்ற பார்ட்டி. நான் புரோக்கர் ஆயிட்டேன்னு உங்கிட்ட சொன்னேன்ல? லிஸ்ட்ல மெம்பர் ஆனேன்னு?"

சொல்லித்தான் இருந்தான். இரண்டு மாசத்துக்கு முன், இதே மேஜையில் தோசை சாப்பிடும்போது. "ம்" என்று சொல்லிவிட்டு, சட்னி போதுமா என்று கேட்டிருந்தாள். மீன் தொட்டிக்குப் பிறகு அவன் எந்தத் தொழிலைச் சொன்னாலும் அது அவள் காதுக்குள் போவதில்லை.

எரிக் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "நம்ம ஏரியாதான்க்கா! இருபதுக்கு முப்பது, தெற்கு வாசல், மேல டெனன்ட், காலி பண்ணிடுவாங்களாம். ஃபோட்டோகூட இல்ல பாரு. யாரோ பாவம், என்ன கஷ்டமோ. நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன், எனக்கே தெரியாம ஆஸ்டின் டவுன்ல ஒரு வீடு விக்குதுன்னா பாரேன்! எந்த வீடுக்கா இருக்கும்?"

பிரிஜெட் அந்தப் போனை மெல்ல ஒதுக்கினாள். "யாருக்குத் தெரியும்," என்றாள்.

"நாளைக்கு பதினோரு மணிக்குத் தெரிஞ்சுரும்!" என்று சிரித்துக்கொண்டே ஏறிப்போனான்.

அதன்பின் அவள் பட்ட பாடு எழுதி மாளாது. சொல்லிவிடவேண்டும் என்று மாடி ஏறினாள். லவினா எரிக்கின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி, உங்க தம்பியைப் பாருங்க," என்று சிரித்தாள். எரிக் கண்ணாடி முன் நின்று, "குட் மார்னிங் மேடம். ஐ ஆம் எரிக்," என்று கையை நீட்டிப் பழகிக்கொண்டிருந்தான். பிரிஜெட் ஒரு பக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள். கீழே அவளிடம் இரண்டு பக்கெட் இருந்தன. மறுபடி ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பை எடுத்துக்கொண்டு ஏறினாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று எண்ணம். "சாப்பிட்டுப் படுத்துட்டா தூக்கம் நல்லா வரும்க்கா, நாளைக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கணும்," என்று அவன் அவசரமாகச் சாப்பிட்டான். காலிக் கிண்ணத்தோடு இறங்கினாள். வாய் என்று ஒன்றை ஆண்டவர் கொடுத்திருக்கிறாரே, குழம்பு ருசி பார்க்க மட்டுமா?

விடிந்ததும் யூஜினைக் கூப்பிட்டாள். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் என்றாள்.

"மேடம், அவங்க கிளம்பிட்டாங்க. லிஸ்ட்ல போட்டுட்டு கடைசி நிமிஷத்துல காட்டலைன்னா அப்புறம் எவனும் என் வீட்டுக்கு பார்ட்டி கொண்டுவர மாட்டான். எனக்குத்தான் கெட்ட பேரு. என்ன பிராப்ளம் சொல்லுங்க?"

கூட்டிக்கொண்டு வருகிறவன் என் தம்பி, அவன்தான் அந்த டெனன்ட் என்று எப்படிச் சொல்லுவாள்? "ஒண்ணும் இல்லப்பா," என்றாள்.

பத்தரை மணிக்கு எரிக் இறங்கி வந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை, ஷூ பளபளத்தது. குனிந்து நெற்றியைக் காட்டினான். "சிலுவை போடுக்கா." பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அம்மா போட்டது, அம்மாவுக்குப் பின் அவள் போடுவது. பிரிஜெட் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"எரிக்..."

"என்னக்கா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆள் இல்லை, அவசரம் இல்லை, நெற்றி அவள் கைக்கு அருகிலேயே இருந்தது.

"குடை எடுத்துட்டுப் போ," என்றாள் பாவி.

பதினோரு மணிக்கு ஜன்னல் ஓரம் நின்றாள். யூஜினின் ஸ்கூட்டர் மெதுவாகத் தெருவுக்குள் வந்தது. பின்னால் நடந்தபடி சுதீர், நிருபமா என்ற அந்தக் கணவன் மனைவி. அவர்களோடு எரிக், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு. "சர்ச் பக்கம், மார்க்கெட் பக்கம், தண்ணி நாள் விட்டு நாள் வரும் சார். இந்த ரோடு சக்கத்தா, சூப்பரா இருக்கும், நானே இந்த..." ஸ்கூட்டர் கேட் முன்னால் நின்றது. எரிக்கின் பேச்சும் நின்றது.

யூஜின் மணி அடித்தான். பிரிஜெட் கதவைத் திறந்தாள்.

எரிக் அவளைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மேல் வீட்டைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். கீழுதடு நடுங்கியது. முடிந்தது, இதோ அழப்போகிறான், எல்லாம் முடிந்தது என்று பிரிஜெட் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

எரிக் தொண்டையைச் செருமினான்.

"குட் மார்னிங் மேடம்," என்றான் அவளிடம். "ஐ ஆம் எரிக். வீடு பாக்க வந்திருக்கோம்."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். வேறென்ன செய்வாள்?

அவன் வீட்டைக் காட்டினான். பிரிஜெட் பின்னாலேயே போனாள், தன் வீட்டுக்குள் தானே விருந்தாளி போல. வாசல் தெற்கு பார்த்திருக்கிறதே, மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நிருபமா தயங்கினாள்.

"மேடம், அறுபது வருஷமா இந்த வாசல்ல ஒரு குடும்பம் வாழுது," என்றான் எரிக். "ஒருநாள் ஒருத்தரும் பட்டினியாத் தூங்கினது இல்ல. வாஸ்து இதுக்கு மேல என்ன மேடம் பண்ணும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார் சுதீர்.

"ஏரியா பையன் சார்." அவன் சிரிக்கவில்லை. "மழை பெஞ்சா மாடிப்படிக்குக் கீழ ஒழுகும். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. ஆனா சமையல்ரூம் பாருங்க. காலைல லைட்டே போடவேணாம்."

தடுமாறவில்லை, வளவளக்கவில்லை. நல்லதைச் சொன்ன அதே குரலில் கெட்டதையும் சொன்னான். பிரிஜெட் இந்த எரிக்கைப் பார்த்ததே இல்லை. இவன் எங்கே இருந்தான் இவ்வளவு நாளாக?

மேல் வீட்டுக்கு ஏறினார்கள். எரிக் முன்னால் போய், தன் வீட்டுக் கதவைத் தட்டினான். கொஞ்ச நேரத்துக்கு முன் வழியனுப்பிய புருஷன் நாலு பேரோடு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ட லவினா வாய் திறந்தாள்.

"மேடம்," என்றான் எரிக் அவளிடம், அவள் பேசுவதற்குள். "வீட்டு ஓனர் வீட்டை விக்கறாங்க. இவங்க பாக்க வந்திருக்காங்க. ரெண்டு நிமிஷம்."

லவினா அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் படியில் நின்ற பிரிஜெட்டைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாங்க," என்று விலகி நின்றாள். கொடியில் காய்ந்த எரிக்கின் பனியனை எடுத்துச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நிருபமாவுக்கு வீடு பிடித்துவிட்டது. அவள் எரிக்கைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் கேட்டாலும் எல்லாருக்கும் கேட்டது. "இவங்க பிரச்சனை பண்ணாம காலி பண்ணிடுவாங்களா? எங்க மாமா வீட்டுல ஒரு டெனன்ட் நகரவே இல்ல, கோர்ட்டு கேஸுன்னு ஒரே பேஜார்."

"அதெல்லாம் பண்ணமாட்டாங்க மேடம்," என்றான் எரிக். "காலி பண்ணிடுவாங்க. நான் கேரன்டி."

கேட்டுக்கொண்டு நின்ற பிரிஜெட்டுக்கு அந்தப் படியிலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

யூஜின் எரிக்கின் முதுகில் தட்டி, "புது ஆளுன்னு சொன்னாங்க, கலக்கிட்டீங்க குரு!" என்றான். எல்லாரும் பேக்கரிக்குப் போனார்கள். பிரிஜெட் சமைத்தாள், சமைத்ததை மூடி வைத்தாள், கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். பேசவேண்டியதை நெட்டுருப் போட்டுக்கொண்டாள். ஹொரமாவைச் சொல்லவேண்டும், லிஃப்டைச் சொல்லவேண்டும். முழங்கால் வலிக்கவில்லை, ஆனாலும் அதையும் சொல்லவேண்டும்.

எரிக் திரும்பி வந்தபோது மணி இரண்டு. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அவங்களுக்குப் பிடிச்சிருக்குக்கா. அடுத்த வாரம் அட்வான்ஸ் பேச வருவாங்க. வித்துரும்."

"எரிக், நான் சொல்லணும்னுதான்..."

"உன் வீடு. நீ விக்கற. அதுல நான் என்ன கேக்கறது?"

"நீ அழுவியே எரிக். நீ அழுதா என்னால விக்க முடியாதுடா. எனக்கு விக்கணும்." ஆயுசில் முதல் தடவையாக எனக்கு என்ற வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். "எனக்குப் போகணும்டா."

"சரி," என்றான். "டெனன்ட்னு போட்டதுக்கு அது பதில். எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணே ஒண்ணு புரியல. யூஜின்கிட்ட ஏன் கொடுத்தே? உன் தலைக்கு மேலயே ஒரு புரோக்கர் இருக்கான். ஒரு போர்டு மாட்டாதே, ஒரு ஃபோட்டோ எடுக்காதேன்னு சொல்லி எங்கிட்ட கொடுத்திருந்தா, நான் ஊருக்குச் சொல்லியிருப்பேனா?"

பிரிஜெட் பதிலைத் தேடினாள். ஹொரமாவு, லிஃப்ட், முழங்கால், எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து சொன்னதே போதும் என்று இருந்தது.

"தோணல எரிக்," என்றாள். "நீ புரோக்கர்னு எனக்குத் தோணவே இல்ல."

எரிக் தலையை ஆட்டினான். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல இருந்தது. உதட்டைப் பார்த்தாள், நடுங்கவில்லை.

"லிஸ்ட்ல வாடகை வீடும் வருது," என்றான். "நீலசந்திராவுல ரெண்டு மூணு பாத்து வச்சிருக்கேன். சாயங்காலம் லவினாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"இரு, நானும் வர்றேன். அட்வான்ஸ் எவ்வளவு கேக்கறாங்களோ, நான்..."

"வேணாம்க்கா. நீ வராத. இனிமே நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நிதானமாக மாடி ஏறிப்போனான்.

நானே பாத்துக்கறேன். இந்த ஒரு வார்த்தை இவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று இருபது வருஷமாக அவள் வேண்டாத புனிதர் இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. வந்துவிட்டது. பிரிஜெட் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.